கண்களில் ஒரு சிறு மாற்றம்

ஒன்பது வருடப் பழைய படத்திலிருந்து ஈர வண்ணத்தின் வாசம் வந்தது.

உதயகலா முதலில் மூக்கைத்தான் குற்றம் சொன்னாள். கார்த்திகை மழை மூன்று நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. இந்த நாட்களில் உடுப்பிட்டியில் சுவர் மணக்கும், பாய் மணக்கும், அலுமாரிக்குள் மடித்து வைத்த சீலைகூட மணக்கும். ஆனால் இது பூஞ்சண வாசமில்லை. ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன், அவற்றுக்கு அடியில் வெள்ளை நிறத்துக்கே உரிய அந்த மெல்லிய உலோக வாடை. நேற்றுத்தான் தூரிகையைக் கீழே வைத்த படம் இப்படி மணக்கும். பின்னேரம் நாலு மணிக்கே இருண்டு, மின்சாரமும் போயிருந்த அந்தச் சித்திர அறையில், தேத்தண்ணிக் கோப்பையை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய் விரலால் தொட்டாள். விரல் நுனியில் தோல் நிறம் ஒட்டிக்கொண்டது.

படத்தில் இருந்தது அவளுடைய ஒரே மகள் வித்தியா. பத்து வயதில், கிணற்றுக் கட்டில் கை வைத்தபடி, தாய் எப்போது போதும் என்று சொல்லுவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றவள். எத்தனையோ பேர் கேட்டும் அந்தப் படத்தை உதயகலா விற்கவில்லை. அதன் வார்னிஷ் மஞ்சளானதும், கிணற்றுப் பக்கம் மயிரிழை வெடிப்புகள் ஓடியதும் அவளுக்குப் பிடித்தே இருந்தன. பழசாகாத படம் பொய்ப் படம் என்று கண்காட்சி மேடைகளில் வேறு பேசித் தொலைத்திருக்கிறாள்.

மருதனார்மடத்தில் படங்களுக்குச் சட்டம் போடும் கோகுலனுக்குப் போன் அடித்துக் கேட்டாள். அவன் சிரித்தான்.

"ஒன்பது வருசப் படத்திலை என்ன ஈரம் அக்கா? உது மழை ஈரம். பஞ்சாலை ஒத்தி விடுங்கோ."

மழை ஈரம் எண்ணெய் மணக்குமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவான் என்று பயமாக இருந்தது.

ஏனென்றால் மழை தொடங்கிய அன்றுதான் அந்த முதல் மின்னஞ்சல் வந்தது.

கேட்காமல் தன் ஓவியங்களை எடுத்துப் பாவிப்பவர்களோடு சண்டை பிடித்தே அவளுடைய பாதி ஆயுள் போயிருந்தது. அவள் வரைந்தவை பெயரில்லாமல் சாமத்தியவீட்டு அழைப்பிதழில் வந்திருக்கின்றன, ரியூசன் கொட்டில் பதாகையில் வந்திருக்கின்றன, ஒருமுறை கோழித்தீன் விளம்பரத்திலும் வந்திருக்கிறது. ஆகவே ஒருவர் மரியாதையாக அனுமதி கேட்டாலே மனம் இளகிவிடும். அப்படியானவர்களுக்கென்று போனில் ஒரு பதிலை எழுதியே வைத்திருந்தாள்: 'தாராளமாகப் பாவியுங்கள். தேவையான மாற்றங்களையும் செய்துகொள்ளுங்கள். பெயரை மட்டும் போட்டுவிடுங்கள்.'

கேட்டவர் பெயர் தியாகலிங்கம். முகவரி இல்லை. ஒரு பிழையும் இல்லாத தமிழ். 'கிணற்றடிப் பிள்ளை' என்ற தங்கள் படத்தை ஒரு சிறு நூலின் அட்டையில் ஒரேயொரு முறை பாவிக்க விரும்புகிறோம். என்ன நூல் என்று உதயகலா கேட்கவில்லை. அந்த மரியாதையில் மயங்கி, எழுதி வைத்த பதிலைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் இன்னொன்று வந்தது. கிணற்றை நீக்கிவிட்டு முகத்தை மட்டும் எடுக்கிறோம். சரி, எடுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். நேற்று இரண்டே வரி. பிள்ளையின் வயதை இன்றைய வயதுக்குக் கொண்டுவருகிறோம். இப்போதெல்லாம் கணினி இதையெல்லாம் செய்யும் என்று உச்சுக் கொட்டிவிட்டுச் சமைக்கப் போனாள். ஆனால் அரிசி கழுவும்போது கை நின்றது. படத்தில் உள்ள பிள்ளைக்கு ஏது இன்றைய வயது?

இப்போது விரலில் ஒட்டிய நிறத்தைத் துடைக்காமலே யன்னல் சீலையை முழுதாக விலக்கினாள். சாம்பல் வெளிச்சம் படத்தில் விழுந்தது. ஓட்டிலிருந்து பீலி வழியாக இறங்கும் தண்ணீர் பின்வளவில் வாழைமரத்தடியில் கொட்டும் சத்தமும், எங்கோ ஒரு மாடு கத்துவதும், சுவர் மணிக்கூட்டின் நடையும் ஒவ்வொன்றாகக் கேட்டன.

படத்தில் கிணறு இல்லை.

முகம் நீண்டிருந்தது. கன்னத்துச் சதை வற்றியிருந்தது. நாடியில் ஒரு சிறு வெள்ளைத் தழும்பு. வித்தியா பதினாலு வயதில் சைக்கிளோடு விழுந்து மூன்று தையல் போட்ட தழும்பு. படம் வரைந்து நாலு வருடத்துக்குப் பிறகு வந்த தழும்பு.

மேசையில் போன் அதிர்ந்தது.

'கண்களில் ஒரு சிறு மாற்றம். மூடிவிடுகிறோம். மாதிரி இணைக்கப்பட்டுள்ளது.'

திறக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே திறந்தாள். அட்டையின் கறுப்புக் கரையையும், மூலையில் எரியும் குத்துவிளக்கையும் கண்டதுமே விளங்கிவிட்டது. கல்வெட்டு. செத்தவர் வீட்டில் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு கையில் தரும் நினைவு நூல். நடுவில் வித்தியா, கண் மூடி. மலர்வு என்பதன் கீழ் அவளுடைய பிறந்த நாள். உதிர்வு என்பதன் கீழ் இன்றைய திகதி. அடியில், சின்ன எழுத்தில்: ஓவியம் உதயகலா, அனுமதியுடன்.

எழுத்துகளை மாறி மாறித் தட்டி, அழித்து, அனுமதி இல்லை என்று எழுதி அனுப்பினாள். பதில் உடனே வந்தது.

'முதற் கடிதத்திலேயே தந்துவிட்டீர்கள். மாற்றங்களுக்கும் சேர்த்து. இவை தங்கள் தகவலுக்காக மட்டுமே. நன்றி.'

வித்தியாவுக்கு அடித்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் யாழ்ப்பாணத்தில் வகுப்பு முடித்துப் பின்னேர பஸ்ஸில் வீட்டுக்கு வருவாள். ஆறாவது முறை மணி அடித்தபோதுதான் எடுத்தாள்.

"பஸ்ஸுக்கை இருக்கிறன் அம்மா. அச்சுவேலி கடந்திட்டுது."

"பிள்ளை, நித்திரை கொள்ளாதை. என்னோடை கதைச்சுக்கொண்டே வா."

"நித்திரை இல்லை அம்மா." குரல் இழுபட்டது. "கண் திறக்கேலாமல் கிடக்கு."

லைன் அறுந்தது. திரும்ப அடித்தாள். மணி போகவேயில்லை.

அவள் திரும்பிப் பார்த்தபோது படத்தில் இடது கண் மூடியிருந்தது. வலது கண்ணின் இமை பாதியில் நின்றது. நிற்கவில்லை. இறங்கிக்கொண்டிருந்தது.

சந்திக்கு ஓடலாம். ஓடி என்ன செய்வது? பஸ்ஸை மறித்து யாரிடம் எதைச் சொல்வது? அவளுக்குத் தெரிந்தது ஒரே வேலை. தூரிகையை எடுத்தாள். மண்ணிறத்தையும் கறுப்பையும் பலகையில் பிதுக்கினாள், குழைக்கவும் பொறுக்காமல் மூடிய இமைக்கு மேலேயே கண்ணை எழுதினாள். அடியில் இருந்த ஈரம் வழுக்கியது. மண்ணிறம் தோல் நிறத்தோடு கலந்து சேறானது. இமை அதை விழுங்கியது.

மறுபடி எழுதினாள்.

விழுங்கியது.

மறுபடி. அந்தக் கண்கள் அவளுக்கு மனப்பாடம். பால் குடிக்கும்போது பார்த்த கண்கள். இடது கொஞ்சம் பெரிது. கண்மணியைச் சுற்றித் தேன் நிறத்தில் ஒரு வளையம். அவசரத்தில் இடது கண் சற்று மேலே போய்விட்டது. போகட்டும். தடிப்பாக. இன்னும் தடிப்பாக. கத்தியால் அள்ளி அப்பினாள். திறந்திருந்தால் போதும் என்று வாய்விட்டுச் சொன்னாள். திறந்திருந்தால் போதும்.

நின்றது.

இரண்டு கண்ணும் திறந்தபடி நின்றன.

மழை ஓய்ந்து தூறலாகியிருந்தது. இனி அந்த வெள்ளைப் புள்ளி மட்டும்தான். மணியின் மேல் ஊசிமுனையளவு வெள்ளை. அதை வைக்கும்வரை எழுதிய கண் எதையும் பார்க்காது. சின்னத் தூரிகையை வெள்ளையில் தொட்டாள்.

வெளிவாசல் படலை கிறீச்சிட்டது.

தூரிகை கையிலிருந்து விழுந்தது. வித்தியா. முற்றத்து மணலில் அவளுடைய செருப்புச் சத்தம். என்ரை பிள்ளை வந்திட்டாள் என்று அழுதபடி உதயகலா கூடத்துக்கு ஓடினாள். ஓடும்போதே உடம்பு முழுக்க நன்றியாக இருந்தது.

வித்தியா வாசலில் நின்றாள். தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள். குடை மடித்தபடி தோளில் தொங்கியது. ஒரு கை கதவு நிலையைத் தடவிக்கொண்டிருந்தது, மறு கை முன்னால் நீண்டு காற்றைத் தடவியது. மயிரிலிருந்து தண்ணீர் நெற்றி வழியாக நேரே கண்ணுக்குள் இறங்கியது. அவள் இமைக்கவில்லை.

வாசலிலிருந்து ஆளிவிதை எண்ணெய் மணத்தது.

"அம்மா," என்றாள் வித்தியா, தாய் நிற்காத பக்கத்தைப் பார்த்து. "கண் மூடேலாமல் கிடக்கு."

இடது கண் சற்று மேலே இருந்தது. அதிலிருந்து மண்ணிறம் ஒரு கோடாக இறங்கி, கன்னத்தைத் தாண்டி, நாடித் தழும்பில் சொட்டிக்கொண்டிருந்தது.