நிறுத்திய பிறகும் கேட்ட இசை

ஒலிபெருக்கியை அணைத்த பிறகும் செல்லோ வாத்தியத்தின் முனகல் நிற்கவில்லை. மின்கம்பியையே பிடுங்கிப் பார்த்தாள். நிற்கவில்லை. பழைய ஊமைப் படங்களுக்குப் பின்னணி இசை சேர்ப்பது அவள் தொழில். நூறு வருடத்துக்கு முந்தைய பெரிய வாத்தியக் குழுக்களின் இசையைத் துண்டு துண்டாக வெட்டி, காதலுக்குக் கொஞ்சம், சாவுக்குக் கொஞ்சம் என்று வீட்டிலேயே உட்கார்ந்து ஒட்டுவாள். அன்று மதியமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

“அந்த அழுகையக் கொஞ்சம் நிறுத்தேன், தலை வலிக்குது!” சமையலறையிலிருந்து கணவன் கத்தினான்.

“எப்பவோ நிறுத்திட்டேங்க.”

“அப்போ கேக்குறது என்னவாம்?”

தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தான். அவன் அடியெடுத்து வைக்க, தாழ்ந்த குரலில் பித்தளைக் கொம்பு வாத்தியங்கள் சேர்ந்துகொண்டன. நின்றான், அவையும் நின்றன. நடந்தான்; கூடவே வந்தன.

“பாத்தியா, எனக்கே பின்னணி இசை!” கதாநாயகன்போல நெஞ்சை நிமிர்த்திக் காட்டினான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தில் இருப்பவனுக்குத் தெரியாததை இசை முந்திக்கொண்டு சொல்லிவிடும்.

“மாடிப்படிக்குக் கீழ இருக்கிற அறையிலருந்துதான் வருது. இரு, பாத்துட்டு வரேன்.”

“வேணாங்க. போகாதீங்க.”

“ஓட்டை மின்விசிறியும் பழைய துணியும் கிடக்கிற அறை. என்னைக் கடிச்சா தின்னுடப் போகுது?”

நடந்தான். வயலின்கள் நடுங்கத் தொடங்கின. ஈரத் துணியும் மரப்பிசினும் கலந்த வாடை கூடமெங்கும் பரவ, ஜன்னல் கண்ணாடிகள் அதிர, சுரம் சுரமாக வயலின்கள் மேலே, இன்னும் மேலே ஏறின. அடுத்து என்னவென்று அவளுக்குத் தெரியும். எத்தனை படங்களில் அவளே இசையை வெட்டி நிறுத்தியிருக்கிறாள். பயங்கரத்துக்குச் சற்று முன்னால். சட்டென்று.

கதவு திறந்தது.

இசை அறுந்தது.

“என்னங்க?”

அறையை நோக்கி ஓடினாள்.

உள்ளே சுவர் இல்லை. இருட்டுக்குள் வரிசை வரிசையாக நாற்காலிகள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை. ஒவ்வொன்றிலும் ஒருவர், வயலினும் தூக்கிய வில்லுமாக. ஒருவருக்கும் மூச்சில்லை. முன்வரிசையில் அவள் கணவன். எந்த வாத்தியத்தையும் தொட்டே அறியாதவன், தாடைக்குக் கீழே வயலினை இடுக்கியிருந்தான். அவன் கண்கள் அவளைக் கெஞ்சின. வாய் திறக்கவில்லை.

அத்தனை பேரும், திரையைப் பார்ப்பதுபோல, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தாள்.

கணவனின் வில் தந்தியின்மேல் இறங்கியது.