கண்ணாடியின் உள்பக்கம்

எவ்வளவு அழுத்தித் துடைத்தும் காரின் முன்கண்ணாடியில் படிந்திருந்த வெள்ளைப் படலம் போகவில்லை. துணியைத் திருப்பிப் போட்டு, வாயால் ஊதி, நகத்தால்கூடச் சுரண்டிப் பார்த்த பிறகுதான் தையல்காரிக்கு உறைத்தது: அது உள்பக்கம் படிந்திருக்கிறது. பூட்டிய கார். ராத்திரி முழுக்க யாரும் உட்காராத கார். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு அடுப்பை எரியவிட்டால் சன்னல் எப்படி வேர்க்குமோ அப்படி வேர்த்திருந்தது. அதுவும் டிரைவர் சீட்டுக்கு நேராகத்தான் அடர்த்தி. மற்ற இடங்களில் லேசாக, போனால் போகிறது என்பதுபோல.

உள்ளே வந்து புருஷனிடம் சொன்னாள்.

“ஏங்க, காருக்குள்ள ஆவி படிஞ்சிருக்குங்க.”

லிஃப்ட் மெக்கானிக் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரையோடு அவர் கேட்ட முதல் கேள்வி, “கோடு கீடு விழுந்திருக்கா?”

மனுஷனைப் பற்றித் தெருவுக்கே தெரியும். முனை வீட்டுப் பல் டாக்டரின் கார் ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில், வீட்டு வாசலிலிருந்தே, டாக்டர் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போயிற்று. கார் போனது டாக்டருக்கு. தூக்கம் போனது மெக்கானிக்குக்கு. டாக்டர் வேறு கார் வாங்கி, குறட்டையும் விட ஆரம்பித்துவிட்டார் என்று கேள்வி. இவரோ ஸ்டியரிங்குக்கு ஒரு மஞ்சள் கம்பி, சக்கரத்துக்கு ஓர் இரும்புக் கவ்வி, கேட்டுக்குச் சங்கிலி, கூரையோரம் கேமரா, காற்றடித்தாலும் கத்துகிற அலாரம் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டினார். கட்டி இழுத்துக்கொண்டு போக முடியாதபடி முன்சக்கரங்களைச் சுவர்ப்பக்கம் ஒடித்து நிறுத்தினார். சாவியிலிருந்து கிளம்பும் அலையை வாசலுக்கு வெளியே நின்றே பிடித்து வண்டியைத் திறந்துவிடுகிறார்களாம் என்று யாரோ சொல்லப்போக, சாவி பிஸ்கட் டப்பாவுக்குள் போயிற்று, டப்பா அலமாரிக்குள் போயிற்று. வீட்டு வாசல் கதவின் தாழ்ப்பாள் மட்டும் போன மழைக்காலத்திலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே இருந்தது பெண்டாட்டிதானே.

கடைசியாகப் போட்டது இரட்டைப் பூட்டு. சாவியின் பொத்தானை அடுத்தடுத்து இருமுறை அமுக்கினால் கார்க் கதவுகள் உள்ளிருந்தும் திறக்காது. திருடன் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டாலும் பலிக்காது. அதைப் போட்ட பிறகும் மனசு ஆறவில்லை. எந்தப் பூட்டும் ஓர் ஆளுக்கு ஈடாகாது என்று முடிவு கட்டி, வேலை விட்டு வந்ததும் காரிலேயே போய் உட்கார ஆரம்பித்தார். சாயங்காலம் தொடங்கிச் சாப்பாட்டு நேரம்வரை காவல். அவள் தையல் மிஷின் போட்டிருந்த சன்னலுக்கு நேர் எதிரேதான் கார் நிற்கும்.

“இந்தா, பூட்டிடு,” என்பார் உட்கார்ந்ததும். அவள் சன்னலிலிருந்தே பொத்தானை இருமுறை அமுக்கிச் சாவியை டப்பாவில் போடுவாள். சாப்பாடு ஆனதும் திறந்துவிட்டு, “ஏங்க, உள்ள வாங்க,” என்று கூப்பிடுவாள். இப்படியும் ஒரு குடும்பம்.

எதிர்வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? கேட்டில் சாய்ந்துகொண்டு கேட்டே விட்டாள்.

“என்னக்கா, அண்ணனைக் காருக்குள்ள போட்டுப் பூட்டுறீங்களாமே? அந்தப் பூட்டு எங்க கிடைக்கும்னு சொல்லுங்க. எங்க வீட்டுல ஒண்ணு ஊர் சுத்திக்கிட்டே இருக்கு.”

“அவர் காவலுக்கு உக்காந்திருக்கார்.”

“காருக்கா, உங்களுக்கா?”

தையல்காரியின் வாயில் குண்டூசி இருந்தது. இல்லாவிட்டாலும் பதில் சொல்லியிருக்க மாட்டாள்.

“கோவிச்சுக்காதீங்கக்கா. ஒரு தடவையாவது பேரைச் சொல்லித்தான் கூப்பிடுங்களேன். நீங்க ‘ஏங்க’ன்னு குரல் குடுத்தா எங்க வீட்டு ஆளும் சேர்ந்து ‘என்ன’ங்குது.”

சிரித்துவிட்டுப் போனாள். தையல்காரியும் சிரிக்கத்தான் பார்த்தாள். பேர் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இரண்டு பேருக்குமே இல்லை. அவருக்கு அவள் ‘இந்தா’. அவளுக்கு அவர் ‘ஏங்க’. அதுவே போதுமானதாக இருந்தது, பேசுவதற்கு அவ்வளவு இருந்ததில்லை.

ஆவி நிற்கவில்லை. காலையில் பார்த்தால் கண்ணாடி வெள்ளையாக இருந்தது. கதவைத் திறந்தால் முகத்தில் வந்து மோதியது, நெடுநேரம் மூடிய வாய்க்குள்ளிருந்து வருவதுபோன்ற வெதுவெதுப்பான, புளித்த, கொஞ்சம் இரும்பு கலந்த வாடை. மிதியடியில் ஈரமில்லை, கூரையில் ஒழுக்கில்லை. மெக்கானிக் எல்லா ரப்பரையும் தடவிப் பார்த்தார். கேமராவை ஓடவிட்டுப் பார்த்தார். கேட் பக்கம் ஒரு பூனைகூட வரவில்லை. யாரும் உள்ளே போகவில்லை என்பதில் அவருக்கு ஒரே திருப்தி. உள்ளே இருந்து யாரும் வெளியே வரவுமில்லையே என்று அவளுக்குத் தோன்றியது.

ஒருநாள் சாப்பிடும்போது அவராகவே சொன்னார்.

“பின்னாடி பாக்குற கண்ணாடி இருக்குல்ல, அது தன்னால திரும்புது. கேட் தெரியுற மாதிரி வச்சுட்டு உக்காருவேன். கொஞ்ச நேரத்துல பாத்தா என் மூஞ்சி தெரியுது.”

“ஸ்க்ரூ லூசா இருக்கும்.”

“யாருக்கு?”

அவள் கேலி செய்யவில்லை. அவருடைய கை சோற்றில் அசையாமல் இருந்தது.

“பயமா இருந்தா உக்காராதீங்க. வீட்டுக்குள்ள வந்து உக்காருங்க.”

“வந்துட்டா? வண்டியை யார் பாக்குறது?”

அன்றைக்கு அவர் எழுந்து கை கழுவப் போன பிறகு அவள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் கார்க் கண்ணாடி பால்போல் வெளுத்திருந்தது. அதற்குப் பின்னால் டிரைவர் சீட்டில் தலையும் தோளுமாக ஏதோ ஒன்று. சீட்டின் தலைத்திண்டுதான் என்று சொல்லிக்கொண்டாள். காலையில் போய்ப் பார்த்தபோது திண்டு அந்த உயரத்தில் இல்லை. அதையும் சொல்லிக்கொள்ளாமல் விட்டாள்.

அந்தச் சாயங்காலம் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துச் சீருடைகள் மலைபோல் குவிந்துகிடக்க, அவள் மிஷினை விடாமல் ஓட்டினாள். சக்கரத்தின் கடகட சத்தத்துக்கு நடுவே அவர் வந்ததும் வாசலில் நின்று ஏதோ சொன்னதும் காதில் விழுந்தது. என்ன சொன்னார் என்பது விழவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தாள். நிமிர்ந்தபோது இருட்டியிருந்தது. மழை கூரைத் தகரத்தில் நகம் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டிருந்தது, ஈரமண் வாசனையோடு மிஷின் எண்ணெய் வாசனை கலந்து அறை முழுக்க நின்றது, எதிரே காருக்குள் வழக்கம்போல் அவருடைய நிழல், வழக்கம்போல் அசையாமல், முன்னால் பார்த்தபடி. பாவம் என்றிருந்தது. கோபமாகவும் இருந்தது. இரும்புக்குக் கொடுக்கிற காவலில் கால்வாசி தனக்குக் கொடுத்திருந்தால் என்று ஆரம்பித்த நினைப்பை வழக்கம்போல் பாதியிலேயே வெட்டினாள்.

தட்டுகளை எடுத்து வைத்தாள். டப்பாவிலிருந்து சாவியை எடுத்துச் சன்னல் வழியே நீட்டிப் பொத்தானை அமுக்கினாள். டக்கென்று பூட்டு விட்டது.

“ஏங்க, போதும். உள்ள வாங்க.”

நிழல் உடனே திரும்பியது. கூப்பிடுவதற்காகவே காத்திருந்ததைப்போல.

கார்க் கதவு திறந்தது. மூடவில்லை. ஈரத் தரையில் காலடி. வாசல் கதவு. பிறகு அவர் உள்ளே நின்றார், தலையில் ஒரு துளி மழை இல்லாமல்.

“நீ சாப்பிட்டியா?” என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து வராத கேள்வி. “இல்லைங்க,” என்றாள், புதுப்பெண்போல. அவர் நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்தார். அவள் கையிலிருந்த சாவியை மெதுவாக, விரல் விரலாகப் பிரித்து வாங்கிக்கொண்டார். அந்த விரல்கள் வெதுவெதுப்பாக, வியர்த்த கண்ணாடிபோல் வழுக்கின. தட்டில் சோறு போட்டார். குனிந்தார். அப்போதுதான் அவள் சட்டையைப் பார்த்தாள்.

அவளே தைத்த சட்டை. பை வலது பக்கம் இருந்தது.

எந்தச் சட்டைக்கும் அவள் வலது பக்கம் பை வைத்ததில்லை. பொத்தான்களும் மாறி இருந்தன. தலை வகிடும். கன்னத்து மருவும். எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல.

இன்றைக்கு அவரை நான் பூட்டவே இல்லையே.

வெளியே கேட் சங்கிலி குலுங்கியது.

“ஐயோ, வண்டி! கதவு திறந்து கிடக்கு!”

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். வாசலில் நின்று அவர் சொன்னது கடைக்குப் போவதைத்தான். கடைப்பை ஒன்று தரையில் விழுந்து பாட்டில் உடையும் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்து “இந்தா, என்னாச்சு?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இரண்டே எட்டுதான் தூரம். மெக்கானிக் காருக்குத்தான் ஓடினார். சன்னல் வழியே பார்த்தாள்: நனைந்த தலையோடு உள்ளே ஏறி, சீட்டைத் தடவி, ஸ்டியரிங் கம்பியைத் தடவி, எதுவும் போகவில்லை என்று தெரிந்து, மழை உள்ளே அடிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவளுக்கு எதிரே நின்றிருந்தவர் பொத்தானை அமுக்கினார். இருமுறை.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கைப்பிடி இழுபடும் சத்தம். பிறகு கண்ணாடியில் உள்ளங்கை. பிறகு அலாரம்.

மழையைக் கிழித்துக்கொண்டு அது கத்தியது. காரின் நான்கு மூலையிலும் மஞ்சள் விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தன. எதிர்வீட்டு மாடியில் சன்னல் திறந்தது.

“அக்கா! உங்க வண்டி மறுபடியும் கத்துது! பிள்ளை தூங்க வேணாமா?”

அவள் வாயைத் திறந்தாள். அவள் தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. கதவருகே போய்ப் பதில் சொன்ன குரல் அப்படியே அவருடையது.

“ஒண்ணுமில்லம்மா. ஒயர் பழுது. காலையில பாத்துடறேன்.”

“நல்ல காவல் போங்க!”

சன்னல் மூடிக்கொண்டது. அந்த வீட்டில் விளக்கும் அணைந்தது.

காருக்குள் ஆவி ஏறிக்கொண்டிருந்தது. கீழிருந்து மேலே. மார்புவரை. கழுத்துவரை. அவர் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. பேரைச் சொல்லிக் கத்த வேண்டும். பேர். எத்தனையோ வருஷமாக நாக்குத் தொடாத பேர். அது எங்கே தொடங்குகிறது என்றுகூட வாய்க்குத் தெரியவில்லை. முட்டி மோதிக்கொண்டு கடைசியில் வந்தது அந்த ஒன்றுதான்.

“ஏங்க…”

“என்னம்மா?” என்றது பக்கத்தில்.

திரும்பினாள். அது எதிரே வந்து உட்கார்ந்து, அவளுக்காக ஒரு கவளம் பிசைந்து, பொறுமையாக நீட்டிக்கொண்டிருந்தது. வெளியே விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. ஒவ்வொரு மஞ்சள் வெளிச்சத்திலும் அந்த முகம் முன்பைவிடக் கொஞ்சம் சரியாக இருந்தது. மரு கன்னத்தில் இல்லை. அடுத்த வெளிச்சத்தில் மூக்கின்மேல் இருந்தது. அதற்கடுத்ததில் மற்றக் கன்னத்தில். எண்ணெய் தடவிய தலையில் வகிடு, ஒரு வெள்ளைப் புழு ஊர்வதுபோல, முடியை இரண்டு பக்கமும் விலக்கிக்கொண்டு, மெல்ல மெல்ல, தன் இடத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது.