எட்டு போல்ட்

குழிக்குள் இறங்கிக் காரின் அடிவயிற்றில் கை வைத்தவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். இன்ஜின் சூடாக இருந்தது.

இன்னும் ஒரு முறைகூட ஓடாத இன்ஜின் அது. பெட்ரோல் ஊற்றவில்லை, பேட்டரி மாட்டவில்லை. விடிந்ததிலிருந்து மழை தகரக்கூரையில் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது, குழியின் சிமெண்டுச் சுவர் வியர்த்துச் சில்லிட்டிருந்தது, பக்கத்தில் கிடந்த ஸ்பேனர்களைத் தொட்டால் விரல் விறைத்தது. அத்தனைக்கும் நடுவில் அந்த இரும்பு மட்டும், யாரோ சற்று முன் ஓட்டிவந்து நிறுத்தியது போல வெதுவெதுவென்று இருந்தது. கூடவே கருகிய ஆயிலின் மெல்லிய வாசனை. உள்ளே இன்னும் ஆயிலே ஊற்றவில்லை என்பது அதற்கப்புறம்தான் அவனுக்கு நினைவு வந்தது.

ஊரில் எல்லோருக்கும் அவன் சிக்கனம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, அது கரண்ட் பில்லில் மட்டும் வரும். கழற்றிய வாஷரைக்கூடத் தூக்கி எறியமாட்டான். பழைய போல்ட்டையெல்லாம், யாரும் தட்டிக்கொண்டு போகாமலிருக்கத் தலையில் அடையாளமாக மூன்று புள்ளி குத்தி, பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பான். கேட்டால், சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பான்.

அந்தக் குணத்துக்கு ஏற்ற வேலைதான் இது. மலைச்சாலைப் பந்தயத்தில் காயலான் பிரிவு என்று ஒன்று உண்டு. இன்ஜினின் பெரிய பாகங்கள் எல்லாம் காயலான் கடையில் பொறுக்கியதாக இருக்க வேண்டும். கேஸ்கட், போல்ட் மாதிரிச் சில்லறைச் சாமான்களை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். ஆறு மாதம் சேற்றில் அலைந்து அவன் ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தான். பிளாக் ஒரு டாக்ஸியினுடையது. சிலிண்டர் ஹெட் வெள்ளத்தில் மூழ்கிய காரிலிருந்து வந்தது. டர்போ ஒரு டீசல் லாரியில் கிடந்தது. கிராங்க் ஷாஃப்ட்டும், பிஸ்டனை அதோடு பிணைக்கிற கனெக்டிங் ராடும் எந்த வண்டியுடையது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திய விதம் அவனுக்கே கொஞ்சம் ஆச்சரியம். அரத்தைத் தொடவேண்டிய வேலையே இல்லாமல் பொருந்தியது.

நாளைக்கு அதை ஓட்டப்போகிறவள் அவன் தங்கை. மூன்று வருடத்துக்கு முன் அதே மலையில், அதே பிரிவில், ஏழாவது வளைவில்தான் அவள் புருஷன் செத்தான். அவசரத்தில் கியரை மாற்றிப் போட்டு இன்ஜினைச் சிதறவிட்டான் என்று பந்தயக் கமிட்டி எழுதிவிட்டது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. அவசரக்குடுக்கை என்ற பெயர், செத்தவனைப் புதைத்த பிறகும் போகவில்லை. அந்தப் பெயரைத் துடைக்கத்தான் தங்கை ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாள். வேறெந்த ஆசையும் அவளுக்கு இல்லை.

உண்மை சிக்கனத்துக்கு மட்டும் தெரியும். கனெக்டிங் ராடு போல்ட்டை ஒரு முறைதான் இறுக்கலாம். இறுக்கினால் இழுபட்டுவிடும், கழற்றினால் அதைத் தூரப் போட்டுவிட வேண்டும். தங்கை புருஷனுடைய இன்ஜினைக் கட்டிய அன்றைக்குப் புதுசு வர இரண்டு நாளாகும் என்றார்கள். அவன் டப்பாவிலிருந்து எட்டு போல்ட்டைப் பொறுக்கி மாட்டினான். "போல்ட் புதுசுதானே மச்சான்?" என்று தங்கை புருஷன் கேட்டான். "புதுசுதான்," என்று இவன் சொன்னான்.

நொறுங்கிய காரை இந்தக் குழியின் மேல்தான் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கமிட்டி ஆட்கள் வருவதற்குள் எட்டையும் கழற்றி, இரண்டாக முறிந்திருந்த ஒன்றையும் சேர்த்து, ஆற்றில் வீசிவிட்டு வந்து, தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து அவனும் அழுதான். அழுகை மட்டும் பொய்யில்லை.

மச்சான் இவனுக்கு நேர் எதிர். கழற்றிய போல்ட்டை ஒருநாளும் டப்பாவில் போடமாட்டான். தலை கீழே இருக்கும்படி, இடைவெளி பிசகாமல் வரிசையாக நிறுத்துவான். எது எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும், நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்பான்.

சிக்கனம் தலையை உதறிக்கொண்டு ஸ்பேனரை மாட்டிக் கிராங்கைச் சுற்றிப் பார்த்தான். முக்கால் சுற்று வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு ஒரு சின்ன 'டக்'. மறுபடி சுற்றினான், அதே இடத்தில் அதே 'டக்'. நீளத் திருப்புளியின் முனையைப் பிளாக்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்தினான். இன்ஜினுக்குள் எந்த இடத்தில் நோவு என்று மெக்கானிக்குகள் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் ஓடுகிற இன்ஜினில்தான் எதுவும் கேட்கும். நிற்கிற இன்ஜினில் கேட்க ஒன்றுமில்லை.

கேட்டது. யாரோ மூச்சு விடுகிற சத்தம்.

தன்னுடையதாக இருக்கும் என்று மூச்சை அடக்கிக்கொண்டான். அது நிற்கவில்லை. மேலும் கீழுமாய், பொறுமையாய், காத்திருக்கிறவன் விடுகிற மூச்சு.

திருப்புளியைப் போட்டுவிட்டு, இன்ஜினின் அடியை மூடியிருந்த ஆயில் சம்ப்பைக் கழற்றினான். ராடுகள் தெரிந்தன. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனான். திங்கட்கிழமை அவன் கையால் மாட்டியது பாக்கெட் பிரிக்காத புத்தம்புது போல்ட்டுகள். இங்கே இருந்தவற்றின் தலையில் மூன்று மூன்று புள்ளி.

ஒன்று. இரண்டு. ஏழு வரைக்கும் கழற்றினான். எல்லாம் இடுப்புச் சிறுத்து இழுபட்டவை. எட்டாவதில் ஸாக்கெட்டை வைத்தான், அவ்வளவுதான், திருகவில்லை. தலை தானாகக் கையில் விழுந்தது. முறிந்த வாயில் ஈரம். ஈரத்தில் ஆற்று மணல்.

குழியிலிருந்து எப்படி ஏறினான் என்பது அவனுக்கே தெரியாது. கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி வாந்தி எடுத்தான். ஓடிவிடலாம். வண்டி தயாராகவில்லை என்று சொல்லலாம். சொன்னால் அவள் ஏன் என்பாள். ஏன் என்று அவள் கேட்பதைவிட அந்தக் குழி பரவாயில்லை என்று தோன்றியது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் சிக்கனத்தை மறந்து இரண்டு பாக்கெட் வாங்கியிருந்தான், அந்த இரண்டாவதை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினான். பழையதைத் துணியில் சுற்றி மூலையில் வீசினான்.

டார்க் ஸ்பேனர் ஒவ்வொரு போல்ட்டுக்கும் சரியான இறுக்கம் வந்ததும் ஒரு 'கிளிக்' சொல்லும். வாய்விட்டு எண்ணினான். எட்டு கிளிக். ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டான், அசைந்தால் கோடு உடைந்துவிடும், காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பேனரைத் தரையில் வைத்தான்.

கிளிக்.

இன்ஜினுக்குள்ளிருந்து வந்தது. ஒன்பதாவது.

சம்ப்பை மாட்டினான். வேகமாக. ஆயில், பேட்டரி, பெட்ரோல். எதையும் கேட்கவில்லை, எதையும் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் மழை கொஞ்சம் விட்டபோது தங்கை வந்தாள். கையில் புருஷனுடைய ஹெல்மெட். ஒரு பக்கம் தேய்ந்து வெள்ளை தெரிந்தது. போனையும் வீட்டுச் சாவிக்கொத்தையும் பட்டறை மேசையில் வைத்துவிட்டு, ஒரு முறை மலையேறிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் காரில் ஏறிச் சாவியைத் திருகினாள். முதல் திருகலிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு சத்தத்தை அவன் கட்டிய எந்த இன்ஜினிலும் கேட்டதில்லை. அவள் முகத்தில் மூன்று வருடமாகக் காணாத சிரிப்பு.

பழக்கதோஷம், திருப்புளியை எடுத்து பானெட்டுக்குள் ஊன்றிக் காதில் வைத்தான்.

"சொல்லிடு மச்சான்."

கோபமான குரல் இல்லை. கெஞ்சுகிற குரல்.

தங்கை இன்ஜினை அணைத்தாள். கொட்டகை முழுக்கக் கூரை சொட்டுகிற சத்தம்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "ராடு போல்ட் எல்லாம் புதுசுதானே?"

"ஏம்மா கேக்கற?"

"சும்மாதான். அன்னிக்குக் கிளம்பும்போது அவர் சொன்னாரு, போல்ட்டைப் பத்தி மச்சான்கிட்ட இன்னொரு வாட்டி கேக்கணும்னு. நேரமாயிடுச்சுன்னு கேக்காமலே போயிட்டாரு. அதான் அவருக்காக நான் கேட்டுக்கறேன்."

அவன் வாயைத் திறந்தான். நாக்கின் நுனியில் எல்லாம் இருந்தது. டப்பா, மூன்று புள்ளி, ஆறு, எல்லாம். சொன்னால் அவள் அந்தக் காரில் ஏறமாட்டாள். அவன் முகத்திலும் இனி விழிக்கமாட்டாள். அவனுக்கென்று மிஞ்சியிருக்கிற ஒரே உறவு அவள். மேலும், இந்த முறை பொய்யில்லையே. அவனே போட்டான், அவனே எண்ணினான், மஞ்சள் கோடு இழுத்தான்.

"புதுசுதான்," என்றான்.

"போதும்ணா. உன்மேல இருக்கிற நம்பிக்கையிலதான் இதுல ஏறுறேன்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். இன்ஜின் மறுபடி பிடித்தது. கார் குழியைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ஈரச் சாலையில் திரும்பியது. காலியான குழியின் மேல் மத்தியான வெளிச்சம் விழுந்தது. கருவிகளை எடுத்து வைக்கலாமென்று குனிந்தான்.

குழியின் தரையில், நட்டநடுவில், போல்ட்டுகள்.

தலை கீழே இருக்கும்படி நிறுத்தியிருந்தது. இடைவெளி பிசகாத வரிசை.

விழுந்தடித்து இறங்கினான். மூலையில் வீசிய துணி பிரிந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. வரிசையில் ஒன்றைத் தொட்டான். சுட்டது. புத்தம்புதுசு. தலையில் மஞ்சள் கோடு, உடையாமல்.

எண்ணினான். எட்டு.

"நிறுத்தும்மா," என்று கத்தினான். குழிச் சுவர்தான் கேட்டது. மேலேறி ஓடிப் போனை எடுத்து அவள் எண்ணை அழுத்தினான். பட்டறை மேசையில், சாவிக்கொத்தின் பக்கத்தில், அவள் போன் அடித்தது.

வாசலுக்கு ஓடினான். சாலை காலி. மலைப் பக்கம் திரும்பினான். சத்தம் மட்டும் மரங்களுக்குள்ளிருந்து வந்தது, அழகாக, தெளிவாக. இரண்டாவது கியர். மூன்றாவது. அந்தப் பாதையை அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். நான்காவது வளைவு. ஐந்து. ஆறு.

திரும்பி வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தான். வரிசையில் ஏழு போல்ட் அசையாமல் நின்றன. எட்டாவது, மெதுவாக, ஆட ஆரம்பித்திருந்தது.