கதவோர இருக்கை

உச்சி ஸ்டேஷனில் இறங்குகிறவர்களுக்கு முதலில் தலைவலி வரும், அப்புறம்தான் ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியும். அவ்வளவு உயரம். அங்கே காற்றில் சத்து கிடையாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், உள்ளே போட்ட உருளைக்கிழங்கு கல்லாகவே கிடக்கும். எஞ்சினுக்கும் அதே கதிதான். கீழே நாலு பெட்டியை விளையாட்டாக இழுப்பது, ஏற ஏற இரண்டு பெட்டிக்கே முக்கி முனகும். அந்த மலை ரயிலில் எனக்கு நர்ஸ் வேலை. மயங்குகிறவர்களுக்கு ஆக்சிஜன் கொடுப்பேன், வாந்தி எடுக்கிறவர்களுக்குப் பை கொடுப்பேன், "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று மார்தட்டிவிட்டுச் சுருண்டு விழுகிறவர்களுக்கு இரண்டையும் கொடுத்து நாலு திட்டும் கொடுப்பேன்.

அன்று நான் மேலே போனது பயணிகளுக்காக இல்லை. என் தம்பிக்காக.

அவன் உச்சி ஸ்டேஷனில் தண்டவாளம் பராமரிக்கிற கூட்டத்தில் இருந்தான். உறைபனியில் தண்டவாளத்துக்கு அடியில் மண் உப்பி எழும். அதைத் தட்டிச் சமப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்கு நடுவில் வந்த இருமலைச் சளி என்று சொல்லி மறைத்திருக்கிறான், மடையன். காலையில் ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்து, "துப்பினா நுரையா வருது சிஸ்டர், லேசா சிவப்பா இருக்கு" என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. உயரத்தால் வரும் அந்த நோய்க்கு மருந்து ஒன்றுதான், கீழே இறங்குவது. இறங்கும்வரை ஆக்சிஜன் உயிரைத் தாங்கிப் பிடிக்கும். இல்லாவிட்டால் ஆள் உட்கார்ந்த இடத்திலேயே மூழ்கிப் போவான்.

அம்மா வாசல்வரை வந்தாள். "அவனை உயிரோட கூட்டிட்டு வா. இல்லேன்னா நீயும் வராதே" என்றாள். கோபத்தில் சொன்னதில்லை, பயத்தில் சொன்னது. எனக்குத் தெரியும்.

சரக்கு எஞ்சினில் தொற்றிக்கொண்டு மேலே போனேன். ஓய்வறையில் தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். உதடு மை தடவினாற்போல் நீலம்.

"ஏண்டா, சொல்றதுக்கு உனக்கு வாய் இல்லையா?" என்று ஆரம்பித்தேன்.

"கத்தாதே அக்கா... மூச்சு வாங்குது."

"உனக்கா எனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இருமலாகி, இருமல் நுரையாகி வந்ததைப் பார்த்த பிறகு நான் திட்டவில்லை.

பனி கொட்டியதால் வழக்கமான வண்டி ரத்தாகிவிட்டது. மேலே ஓரமாக நின்றிருந்த ஒரு பழைய பெட்டியை எஞ்சினில் மாட்டினார்கள். அதில் நான் அதுவரை ஏறினதில்லை. உள்ளே துருவும் ஈரக் கம்பளியும் கலந்த நாற்றம். ஒரு மூலையில் பெரிய ஆக்சிஜன் சிலிண்டர்; அதிலிருந்து கூரையோடு ஓடும் குழாய்; ஒவ்வொரு இருக்கைக்கு மேலும் ஒரு மாஸ்க், மூடித் திறக்க ஒரு வால்வு, பக்கத்தில் விரல் நீளக் கண்ணாடிக் குழல். குழலுக்குள் சின்னதாக ஒரு உருண்டை. மாஸ்க் போட்டவர் மூச்சை இழுத்தால் உருண்டை எழும்பும், விட்டால் இறங்கும். யார் மூச்சு எப்படிப் போகிறது என்று தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

எங்களோடு ஏறியவர் ஒரே ஒரு கம்பளி வியாபாரி. தலைசுற்றல் என்று அவரும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். மற்றபடி முன்னால் எஞ்சினில் டிரைவர், பெட்டியில் கார்டு. கார்டுக்கு எல்லோரும் வைத்த பெயர் ரேடியோ. வாயை மூடவே மாட்டார். எந்த வளைவில் எந்தப் பாறை உருண்டது, எந்த டிரைவர் எந்தப் பெண்ணுக்கு ஹாரன் அடித்தார், எல்லாம் ஒலிபரப்பாகும்.

வண்டி கிளம்புமுன் காலி இருக்கைகளின் வால்வுகளை மூடிக்கொண்டே போனேன். பழைய வால்வுகள் கசியும். இருக்கிற ஆக்சிஜன் தம்பிக்கு வேண்டும். கடைசியாகக் கதவோர இருக்கைக்கு வந்தேன். அதன் வால்வு முழுக்கத் திறந்திருந்தது.

"அதை விட்டுடுங்க சிஸ்டர்" என்றார் ரேடியோ.

"ஏன்?"

"அது... அப்படியே இருக்கும். பழக்கம்."

"நல்ல பழக்கம்! இங்க ஒருத்தன் மூச்சுக்குத் திண்டாடுறான், நீங்க காத்துல கரைச்சு விடுறீங்க" என்று சொல்லி இறுக்கி மூடினேன். ரேடியோ எதுவும் சொல்லவில்லை. கொடி காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவர், அதன் பிறகும் எதுவும் சொல்லவில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

மலையில் ஏறுவது எஞ்சினுக்குக் கஷ்டம், இறங்குவது எல்லோருக்கும் கஷ்டம். பிரேக் சூடேறி இரும்பு கருகும் வாசனை வந்தது. வழுக்காமலிருக்க டிரைவர் தண்டவாளத்தில் மணல் விட, சக்கரங்களுக்கடியில் அது நறநறவென்று அரைபட்டது. தம்பியின் உருண்டை சின்னச் சின்னதாக, அவசர அவசரமாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

பிறகு வெளிச்சம் போயிற்று.

பனிச்சரிவு தண்டவாளத்தில் விழாமலிருக்க மலையை ஒட்டி நீளமாகக் கான்கிரீட் கூரை போட்டிருப்பார்கள். கொட்டகை என்போம். அதற்குள் நுழைந்த வண்டி பாதியில் முனகி நின்றது. மேலே எங்கோ மலை உறுமியது. கூரையில் மூட்டை மூட்டையாக எதையோ கொட்டுவது போல ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை.

உள்தொடர்புப் போனில் டிரைவர் பேசினார். "கொட்டகை வாய் ரெண்டும் பனியில மூடிடுச்சு சிஸ்டர். பனி தள்ளுற எஞ்சின் கீழேருந்து கெளம்பிடுச்சு. இருட்டறதுக்குள்ள வந்துடும். தம்பி தாங்குவாரா?"

"தாங்கணும்" என்றேன்.

சிலிண்டரில் மீதியைக் காட்டும் முள்ளைப் பார்த்தேன். இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். மனசு கொஞ்சம் அடங்கியது. தம்பியின் நாடியைப் பிடித்தேன், முதுகைத் தடவினேன், அவன் சின்ன வயதில் செய்த அசட்டுத்தனங்களைச் சொல்லித் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டேன். மறுபடி முள்ளைப் பார்த்தபோது பகீரென்றது. பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு வால்வு வால்வாகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் மூடியிருந்தன. கதவோர இருக்கையில் மட்டும் முழுக்கத் திறந்திருந்தது.

"அண்ணே, உங்களுக்கு மூளை இருக்கா? சொல்லச் சொல்லத் திறந்து விடுறீங்க!"

ரேடியோ மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"நான் இங்கேருந்து எழுந்திருக்கவே இல்ல சிஸ்டர்."

நான் நம்பவில்லை. வால்வை மூடக் கையை நீட்டினேன். டார்ச் வெளிச்சம் கண்ணாடிக் குழலில் விழுந்தது.

உருண்டை எழும்பியது.

நின்றது.

இறங்கியது.

கசிவு என்றால் உருண்டை ஒரே இடத்தில் நடுங்கும். இது நடுங்கவில்லை. நிதானமாக, ஆழமாக, தூங்கும் ஆளின் மூச்சுப் போல ஏறி இறங்கியது. மாஸ்க் கொக்கியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் உட்பக்கத்தில் வெள்ளையாக ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

நீட்டின கையை இழுத்துக்கொண்டேன்.

ரேடியோ அருகில் வந்து, காதோடு சொன்னார். "இந்தக் கொட்டகையைக் கட்டுறப்போ வேலையாளுங்களை ஏத்திட்டு வந்த பெட்டி இது. ஒருநாள் இதே மாதிரி ரெண்டு பக்கமும் மூடிடுச்சு. சிலிண்டர் பத்தாதுன்னு தெரிஞ்சதும், கதவு பக்கம் இருந்த ஆளோட வால்வை மத்தவங்க மூடிட்டாங்க. எப்படியும் பொழைக்க மாட்டார்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. 'கொஞ்சம் கொடுங்க, கொஞ்சம் கொடுங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம்."

"அப்புறம்?"

"மத்தவங்க எல்லாரும் பொழைச்சாங்க."

தம்பி இருமினான். முள் இன்னும் இறங்கியிருந்தது. நான் நர்ஸ். உயிரோடு இருப்பவன்தான் எனக்கு முக்கியம்.

"செத்தவருக்கு எதுக்கு ஆக்சிஜன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே, இரண்டு கையாலும் வால்வை இறுக்கி மூடினேன். உருண்டை சடக்கென்று அடியில் விழுந்தது.

அதே நொடியில் பெட்டியின் அந்தக் கோடியில் தம்பியின் உருண்டையும் விழுந்தது.

ஓடினேன். அவன் வால்வு திறந்துதான் இருந்தது. மாஸ்க் சரியாகத்தான் இருந்தது. அவன் மார்பு அசையவில்லை. கண் மட்டும் திறந்து என்னைப் பார்த்தது.

"கொஞ்சம் கொடுங்க" என்றான்.

என் தம்பி பிறந்ததிலிருந்து எனக்கு மரியாதை கொடுத்துப் பேசினவன் இல்லை. ரேடியோ என்னிடம் சொன்னது அவன் காதுக்கு எட்டியிருக்கவும் முடியாது. அந்தக் குரல், தொண்டை வறண்ட ஒரு நடுவயதுக்காரரின் குரல்.

திரும்பி ஓடி வால்வைத் திறந்தேன். இரண்டு உருண்டையும் ஒன்றாக எழும்பின. ஒன்றாக இறங்கின. ஒரே மூச்சு.

மூடினால் தம்பி போய்விடுவான். திறந்து வைத்தால் சிலிண்டர் தீர்ந்து போய்விடுவான். வியாபாரியின் மாஸ்க்கை ரேடியோ மெல்லக் கழற்றினார். வியாபாரி விழித்துப் பார்த்து, விஷயம் புரியாவிட்டாலும், "பையனுக்குக் கொடும்மா, நான் சமாளிச்சுக்குவேன்" என்றார். நல்ல மனிதர். ஆனால் அதுவும் பத்தாது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது.

பயம் ஒரு எல்லைக்குமேல் போனால் எனக்குக் கோபமாகத்தான் வரும். கதவோர இருக்கையின் முன்னால் போய் நின்றேன்.

"இங்க பாருய்யா. உனக்குப் பண்ணினது அநியாயம்தான். யாரு இல்லேன்னா? ஆனா உன் வால்வை மூடினது என் தம்பி இல்ல. அவன் அப்போ பொறக்கவே இல்ல. எங்கம்மாவுக்கு அவன் ஒருத்தன்தான் ஆம்பளப் பிள்ளை. கீழே வாசல்ல நின்னுக்கிட்டிருப்பா."

உருண்டை ஏறியது. இறங்கியது.

அழுகை வந்துவிட்டது. "உனக்கு மூச்சுதானே வேணும்? அவனை விட்டுடு. என்கிட்டேருந்து எடுத்துக்கோ."

யோசித்துச் சொன்னதில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த வீட்டிலும் யாராவது சொல்கிற வார்த்தைதான்.

உருண்டை பாதியில் நின்றது.

மெல்ல அடியில் போய் உட்கார்ந்தது. மாஸ்க்கில் படிந்திருந்த ஆவி கலைந்தது. என் மூக்கு வழியாக ஐஸ் தண்ணீர் போல ஏதோ உள்ளே இறங்கி, நெஞ்சில் தங்கியது. திரும்பிப் பார்த்தேன். தம்பியின் உருண்டை தனியாக, கம்பீரமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முள் சிவப்புக் கோட்டை விட்டு நகரவே இல்லை.

"என்ன சொன்னீங்க அவர்கிட்ட?" என்று ரேடியோ கேட்டார்.

"ஒண்ணுமில்ல."

பனி தள்ளும் எஞ்சினின் ஹாரன் கேட்டபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மரங்கள் தெரிய ஆரம்பிக்கும் உயரத்துக்கு இறங்கியதும் தம்பியின் உதடு வெளுப்பாகி, பிறகு சிவந்தது. கீழே வந்ததும், "பசிக்குது அக்கா" என்றான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள், அப்புறம் என்னையும். கொட்டகையில் தான் எதுவும் பேசியதாக அவனுக்கு நினைவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து ரேடியோ என்னைத் தேடி, கீழே நான் வேலை பார்க்கும் ரயில்வே ஆஸ்பத்திரிக்கு வந்தார். பழைய உற்சாகம் திரும்பியிருந்தது. "சிஸ்டர், அந்தக் கதவு பக்கத்து வால்வை மூடிட்டோம். மூடினது மூடினபடியே இருக்கு. உருண்டை அசையறதே இல்ல. மனுஷன் ஒருவழியா எறங்கிட்டார்!" என்றவர், சிரிப்பு அடங்கி, தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டார். "எங்க எறங்கினார்னுதான் தெரியல."

எனக்கு அப்போதே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. சமவெளியில், அதுவும் என் வயதில். நேற்று எக்ஸ்ரே அறைக்குப் போனேன். படம் எடுக்கிறவள் என் கூடப் படித்தவள். மார்பைப் பலகையோடு ஒட்டி நிற்க வைத்துவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போனாள்.

"மூச்சை நல்லா இழு. அடக்கு. அசையாதே."

படம் கலங்கலாக வந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடியும் கலங்கல்.

"ஏண்டி, ஒரு நர்ஸுக்கு மூச்சை அடக்கத் தெரியாதா? அசையாதேன்னு சொல்றேன்ல!"

மூன்றாவது முறை பல்லைக் கடித்து வாயை மூடி, இரண்டு விரலால் மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அறையில் சத்தமே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் மாறுவது தெரிந்தது.

நான் மூச்சு விடவில்லை.

என் மார்பு பலகையில் முட்டியது, விலகியது, நிதானமாக மறுபடியும் முட்டியது.