ஆரத்திச் சிவப்பு

மேற்கே மலைகளுக்கு அப்பால் கதிரவன் மறைந்து, கீழ்வானில் முழுமதி எழ, ஆன்பொருநை ஆற்றின் நீர்ப்பரப்பின்மீது மார்கழிப் பனி மெல்லிய வெண்துகிலென இறங்கிக்கொண்டிருந்த அந்த அந்திப்பொழுதில், செக்கச் சிவந்த கம்பளியைப் போர்த்திய காவல்வீரன் ஒருவன் வெண்குன்றக் கோட்டைக்குள் நுழைந்தான். வாசகர்களே, அவனைக் காவல்வீரன் என்று நம்பி ஏமாந்துவிடாதீர்கள். அவன் பூழியன், அந்தக் கோட்டையின் பழைய தளபதியுடைய மகன். கோட்டையைச் சூதால் பற்றிக்கொண்ட சேந்தரையன், மாண்டுபோன தலைவரின் மகள் இளவெயினியைக் கம்பளிச் சாயச்சாலையில் அடைத்து, வீரர்களின் கம்பளிக்குச் சாயம் தோய்க்க வைத்திருந்தான். பொழுது விடிந்தால் தன் மகனுக்கு அவளை மணமுடிக்கவும் நாள் குறித்துவிட்டான். அதற்குமுன் அவளை மீட்டுச் செல்லவே பூழியன் தலையைப் பணயம் வைத்து வந்திருந்தான்.

பல நாட்டுக் கூலிப்படையினர் குவிந்திருந்த அவ்விடத்தில் முகம் பார்த்து ஆளறிய இயலாது. அரக்குச் சாயம் தோய்த்த செங்கம்பளிதான் அடையாளம். அரக்குக்குப் பூழியன் எங்கே போவான்? வழியில் இடையர் குடிசையில் வெண்கம்பளி ஒன்றை வாங்கி, மஞ்சளும் சுண்ணாம்பும் கேட்டுப் பெற்று, ஆரத்தி கரைப்பதுபோல் கரைத்துத் தோய்த்துக்கொண்டான்.

அந்த வித்தை அவனுக்கு வந்தது அரண்மனை மடைப்பள்ளியின் பின்முற்றத்தில். ஆகா, அவை என்ன நாட்கள்! வெங்காயத் தோலை வேகவைத்து இளவெயினி கம்பளி நூலுக்குத் தேன் நிறம் ஏற்றுவாள். மாதுளை ஓட்டோடு துருப்பிடித்த ஆணியைப் போட்டுக் கருமை காண்பாள். ஒருமுறை அடுப்பைக் கொழுந்துவிட்டெரிய வைத்ததில் நூலெல்லாம் சுருங்கிக் கட்டியாகிவிட, சமையற்காரர் அகப்பையோடு இருவரையும் துரத்தினார். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு தவறி விழுந்து சிவந்த அன்று, "இது நம் சிவப்பு!" என்று அவள் கைகொட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மறுபடி கேட்க மாட்டோமா என்று அவன் நெஞ்சு ஏங்கியது.

"நில்லும்!" என்றது ஒரு குரல். சேந்தரையனின் தளபதி கரிக்கண்ணன் பந்தமும் கையுமாகச் சாயச்சாலை வாயிலில் நின்றான். "தோளில் என்ன மஞ்சள் திட்டு?"

பூழியன் குனிந்து பார்த்தான். பகலில் இடைச்சி வார்த்த புளித்த மோர் சிந்திய இடம்! புளிப்புப் பட்டால் இந்தச் சிவப்பு மஞ்சளாகிவிடும் என்பதை அறிந்தவனே அசட்டையாயிருந்துவிட்டான். ஆனைக்கும் அடி சறுக்கும் அல்லவா?

"அரக்குச் சாயத்தில் புளிக்கரைசல் பட்டால் நிறம் இன்னும் துலங்கும். இது வேறு சாயம். அம்மணி, புளிக்கரைசல் கொண்டு வாரும்!" என்று கரிக்கண்ணன் சாலைக்குள் பார்த்துக் கூவினான்.

பானையோடு வெளியே வந்த இளவெயினி, பூழியனை ஏறிட்டு நோக்கினாள். அவள் கண்ணில் ஒரு சலனமும் இல்லை. என்னை மறந்துவிட்டாளா என்று அவன் துடித்தான். அவள் தயங்காமல் கரைசலை அவன் கம்பளிமீது ஊற்றினாள். சிவப்பு கலைந்து மஞ்சள் வழிந்தது.

"ஒற்றன்!" என்று வாளை உருவினான் கரிக்கண்ணன்.

"பொறுத்தருளும் தளபதி," என்றாள் இளவெயினி. "உமது கம்பளிக்கும் சற்று வார்க்கட்டுமா?"

பதிலுக்குக் காத்திராமல் வார்த்துவிட்டாள். தளபதியின் மார்பும் மஞ்சளாயிற்று! திகைத்துப்போன அவன் பானையைப் பிடுங்கி, காவலுக்கு நின்ற வீரர்கள்மீதெல்லாம் வாரி இறைத்தான். ஒருவன் பாக்கியில்லாமல் எல்லோரும் மஞ்சள்.

"இன்று காலையில் வழங்கிய புதுக்கம்பளி அத்தனையும் போலியா? அரண்மனை அரக்கு எங்கே?"

"ஆற்றோடு போயிற்று."

"அடிப்பாவி! இவளை அக்கரைச் சிறையில் தள்ளுங்கள். விடிந்ததும் அரசர் சேந்தரையரே தீர்ப்புச் சொல்லட்டும்." வீரர்கள் வாய்க்குள் நகைப்பதைக் கண்டு கரிக்கண்ணன் குன்றிப்போனான், பூழியனிடம் திரும்பினான். "குற்றமில்லாத உம்மை ஒற்றன் என்றுவிட்டேன். நீரே இவளைப் பரிசலில் கொண்டுபோய் ஒப்படையும்."

"ஆணைப்படியே!" என்று வணங்கினான் பூழியன். அவன் குரல் நடுங்கியதைச் சினத்தின் நடுக்கம் என்று தளபதி எண்ணிக்கொண்டான்.

பரிசல் நடு ஆற்றை அடைந்ததும் சிறையிருந்த திசையை விட்டு நீரோட்டத்தோடு கிழக்கே திரும்பியது.

"நான் வருவேன் என்று தெரியுமா, தேவி?"

"உயிரோடிருந்தால் திருமணத்துக்குமுன் வருவீர் என்று தெரியும். அரக்கில்லாமல் வருவீர் என்றும் தெரியும். உமக்குத் தெரிந்த சிவப்பு ஒன்றுதானே? அதையே எல்லோருக்கும் தோய்த்தேன்."

"வாராதிருந்தால்?"

"இன்றிரவுக்குள் யாராவது ஒருவன் மோரைச் சிந்தியிருப்பான். குட்டு உடைந்து என் தலை போயிருக்கும்." அவள் நீரில் கையை அளைந்தாள். "நாளை அந்த மணமேடை ஏறுவதைவிட அது மேல் என்றுதான் மஞ்சள் அரைத்தேன்."

பூழியன் துடுப்பை மடியில் வைத்துவிட்டான். கண்களைத் துடைத்துக்கொண்டான்.

"அழுவதற்குப் பிறகு நேரமுண்டு, வீரரே," என்றாள் இளவெயினி. "இப்போது துடுப்பைப் போடும்!"