கல் வைக்கிற சத்தம்

கல் உருண்டு விழுந்தால் சத்தம் சிதறும். பரிமளம் கேட்டது சிதறவில்லை. டக்கென்று ஒரே சத்தம்; பிறகு, சரியாகக் குந்தியிருக்கிறதா என்று யாரோ அசைத்துப் பார்க்கிற உராய்வு. திரும்பினாள். மத்தியான வெயிலில், பவளப்பாறைத் துண்டுகளான முருகைக்கற்களை அடுக்கிய நெஞ்சளவு உயர வேலி வெளேரென்று நீண்டு கிடந்தது. சற்றுமுன் கல்லைக் கழற்றிப் போட்டு அவள் தாண்டி வந்த கடப்பு வழியைக் காணவில்லை.

மலாயாவில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். விடுமுறைக்கு நெடுந்தீவின் கட்டைக்குதிரைகளைப் படம்பிடிக்க வந்தாள். காலையில் துறையடித் தேத்தண்ணிக் கடையில் பிலோமினம்மா சொல்லித்தான் அனுப்பினாள்:

“பிள்ளை, மத்தியான வள்ளத்தை விட்டிடாதையும். சோளகக் காத்து இறுகுது. பிறகு கடல் அடங்கினால்தான் வள்ளம். குறுக்காலை வாறதெண்டால் கல்லைக் கழட்டிப்போட்டு வாரும். ஆனால், கழட்டினதை நீரே திருப்பி வையும்.”

“வைக்காட்டி ஆடு பூந்திடுமோ, அம்மா?”

“ஆடெண்டால் கலைக்கலாமே.”

“அப்ப ஆர்?”

“கட்டினவை.”

“ஒல்லாந்தர் காலத்திலை அடிச்சு வேலைவாங்கின ஆக்களோ? அவையள் செத்து எவ்வளவு காலம்!”

பிலோமினம்மா கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். “சவுக்கோடை நிண்டவன் கப்பலேறிப் போட்டான். வேலை முடிஞ்சுதெண்டு அதுகளுக்கு ஆர் சொன்னது?”

பரிமளம் சிரித்துவிட்டு நடந்தாள்.

குதிரைகளுக்குப் பின்னால் அலைந்ததில் நேரம் போய்விட்டது. இப்போது ஒழுங்கைக்கு ஒழுங்கை வேலி. கரையொதுங்கி அழுகிய சாதாளைக் கடற்புல்லின் நாற்றம் காற்றில் வந்தது. பனையோலைகள் ஒன்றையொன்று சுரண்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில், முதுகை நிமிர்த்த விடாத பாரத்தைத் தூக்குகிறவன் பல்லுக்குள்ளால் விடுகிற மூச்சைப் போல ஒன்று, விட்டுவிட்டு, அவள் நடந்தால் நடந்து, நின்றால் நின்றது.

அடுத்த வேலி. ஏறப் பார்த்தாள், மேற்கல் சரிந்து காலோடு வந்தது. கழற்றத்தான் வேண்டும். முருகைக்கல் அரம் மாதிரி. உள்ளங்கைத் தோல் உரிந்தது. பேனை பிடித்த கை. கழற்றி, எறிந்து, தாண்டி, திருப்பி வைத்துவிடுவோம் என்று குனிந்தாள்.

நிலத்தில் கல் இல்லை.

நிமிர்ந்தாள். எல்லாம் வேலியில் இருந்தன. மேற்கல்லில் அவளுடைய இரத்தம் ஈரமாக இருந்தது.

ஓடினாள். டக். பின்னால். டக், டக். பக்கத்திலும். காலடிச் சத்தம் இல்லை. வியர்வை நாற்றம் மட்டும், குளிக்க விடப்படாத உடம்புகளின் புளித்த உப்பு நாற்றம், வெயிலில் எழுந்து அவள் முகத்தில் அப்பியது.

கடைசி வேலி. அதற்கு மேலால் கடல். துறை. வள்ளம். பிலோமினம்மாவின் அடுப்புப் புகை.

“வள்ளக்கார அண்ணை! நில்லுங்கோ! நானும் வாறன்!”

காற்று குரலைத் திருப்பி அவள் வாயிலேயே அடித்தது.

ஒரு கல்லைக் கழற்றினாள். அந்த இடத்தில் இன்னொரு கல் வந்து குந்தியது. அதையும் கழற்றினாள். மறுபுறத்திலிருந்து ஒரு கை வந்து வைத்தது. நகமே இல்லாத கை. சுண்ணாம்புத் தூள் படிந்த விரல்கள். அவசரமில்லை. கோபமில்லை. வைத்தது, அசைத்துப் பார்த்தது, போனது.

“வைக்கிறன்! நானே வைக்கிறன்! என்னை விடுங்கோ!”

வள்ளத்தின் எஞ்சின் இருமியது. பிடித்தது.

வேலி கழுத்தளவு. கடல் ஒரு கீற்று. பிறகு அதுவும் இல்லை.

முழங்கையில் ஏதோ முட்டியது. கல். பின்னாலிருந்து யாரோ நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பவில்லை. இடப்பக்கம் குனிந்த முதுகுகள். வலப்பக்கம், வாங்குவதற்காக விரித்த இரண்டு வெறுங்கைகள்.

எஞ்சின் சத்தம் தேய்ந்தது.

பரிமளம் கல்லை வாங்கினாள்.