கூட்டிய தோப்பில் கிடந்த ஓடுகள்

ஆய்வுக் குழுவின் கூடாரத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வைரக்கண்ணு பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த ஓடு தானா மேல வந்துச்சா, போட்டு வச்சதான்னு பாத்துச் சொல்லுங்க. இல்லைன்னா என் வூடு போயிடும்."

ஜெயங்கொண்டம் சாலையை அகலப்படுத்துமுன், ஓரங்களில் பழம்பொருள் இருக்கிறதா என்று ஆராய வந்த குழு அது. தலைவி வெற்றிச்செல்வி. படம் எடுப்பவன் அசோக். சாலைக்கு மேற்கே தர்மராஜின் முந்திரித் தோப்பு. கிழக்கே வைரக்கண்ணுவின் சாப்பாட்டுக் கடை, அதையொட்டி வீடு. தோப்புப் பக்கம் விரிப்பதாகத்தான் அளவுக்கல் நட்டிருந்தார்கள். வெற்றிச்செல்வி வாலிகண்டபுரம் போயிருந்த அன்று, தோப்பில் கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகளைக் குழுவினர் கண்டார்கள். பழம்பொருள் உள்ள மண்ணில் சாலை போடக்கூடாது என்பதால், இப்போது கிழக்கே விரிக்கலாம் என்கிறார்கள் சாலைத் துறையினர்.

"யாரு போட்டிருப்பா?" என்றான் அசோக் ஆவலாக.

"அது எனக்கெதுக்குங்க. போட்டதான்னு சொன்னா போதும்."

தோப்பில் முந்திரி விழும் காலம். கொட்டை பொறுக்கத் தோதாக மரத்தடியெல்லாம் சுத்தமாகக் கூட்டியிருந்தது. செம்மண்ணில் விளக்குமாற்றுக் கோடுகள் வரிவரியாக ஓடின. குழுவினர் அடையாளத்துக்கு நட்ட சிறு கொடிகளின் அருகே ஓடுகள் கிடந்தன. வெற்றிச்செல்வி ஒன்றைத் தூக்கினாள். அதன் அடியிலும் அதே கோடு தொடர்ந்தது. ஓட்டின் விளிம்பில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மண் ஒட்டியிருந்தது.

"செம்மண்ணுல வெள்ளை ஏது மேடம்? வேற ஊரு ஓடு. வண்டியில கொண்டாந்து கொட்டிருக்கான்."

"அவசரப்படாத அசோக். இங்க கிணறு, போர் ஏதாச்சும் இருக்கா?"

"எதுவும் இல்லைங்க. வானம் பாத்த தோப்பு" என்றபடி தர்மராஜ் வந்தார். முகம் மழித்துப் பல நாள் ஆகியிருக்கும். கையிலிருந்த முந்திரிப்பழத்தை நீட்டினார்.

வெற்றிச்செல்வி பழத்தை வாங்கிக்கொண்டு நடந்தாள். அளவுக்கல்லுக்குச் சற்று உள்ளே, விரியும் சாலையில் அடங்கும் கடைசி மரத்தடியில், ஒரு மேடு. அதன்மேல் ஓர் இலை கூட இல்லை. காய்ந்த கனகாம்பரம் கிடந்தது. செம்மண்ணுக்கு நடுவே வெள்ளைக் கட்டிகள்.

"யாருங்க?"

"பாப்பாயி. என் வூட்டுக்காரி. போன ஐப்பசியில."

வெற்றிச்செல்வி கையிலிருந்த ஓட்டின் விளிம்பை அந்தக் கட்டிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு சாலையோரம் நின்ற வைரக்கண்ணுவையும் அழைத்து, மெதுவாகச் சொன்னாள்.

"கூட்டின தரையில மண்ணுக்குள்ள கெடந்த ஓடு வராது. அடியில கோடு இருக்கு. அதனால கூட்டினதுக்கப்புறம் போட்டது. ஆனா வேற ஊரு ஓடு இல்லை. இங்க ஆழத்துல சுண்ணாம்பு மண். கிணறு இல்லாத இந்தத் தோப்புல அவ்வளவு ஆழம் வெட்டினது ஒரே எடத்துலதான்."

அசோக் மேட்டைப் பார்த்தான். கையிலிருந்த கேமராவைத் தாழ்த்திக்கொண்டான்.

"குழி வெட்டறப்ப வந்துச்சுங்க" என்றார் தர்மராஜ். "எடுத்து வச்சிருந்தேன். வந்த எடத்தைச் சொன்னா அவளைத் தோண்டுவீங்க. சொல்லலைன்னா அவ மேல தார் ஊத்துவாங்க. அதான் மேட்டுக்குத் தள்ளி அங்க கொண்டுபோய்ப் போட்டேன்."

"என் வூடு போகும்னு தெரியாதா மாமா?"

"தெரியும்." அவர் குனிந்துகொண்டார். "ஓடு போட்டதுலேருந்து உன் கடைப்பக்கம் நான் வந்தேனா?"

வெற்றிச்செல்வி அவளிடம் திரும்பினாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லையா?"

"அக்காவைக் கடைசியாக் குளிப்பாட்டினதே நான்தானுங்க. குழியில ஓடு வந்ததும் தெரியும். அவருகிட்டக் கேட்டா உண்மையைச் சொல்லிடுவாரு. அப்புறம் என் வூட்டுக்காக என்னால ஒண்ணும் கேக்க முடியாது. அதான் உங்ககிட்ட வந்தேன்."

"மேல கெடந்தது போட்டதுன்னு எழுதுவேன். அடியில உண்மையாவே இருக்குன்னும் எழுதுவேன். மேட்டைத் தொடாம அந்தாண்ட தோண்டிப் பாப்போம். ரெண்டு பக்கமும் பாதிப்பாதி எடுத்தா மேடு தப்பும், வூடும் தப்பும். முடிவு அவங்க கையில. கேக்கறது என் வேலை."

"கடையோட முன்கூரை?"

"அது போயிடும்."

வைரக்கண்ணு சாலைக்கு அப்பால் தன் கூரையைப் பார்த்தாள். அதன் நிழலில் இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போகட்டும், அப்படியே எழுதுங்க." முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "வாங்க மாமா. கூரை இருக்கறப்பவே வந்து உக்காந்து சாப்பிடுங்க."